சோலைக்கு உரம் போட்டது யார்? பாஸ்போபாக்டீரியா பற்றி ஒரு சந்தேகம்

சோலையோரம்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தோட்டத்தின் மேல் ஓரத்தில் கம்பி வேலி, அதைத் தாண்டினால் சோலைக் காடு. மண் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன், அட்டை வந்துவிட்டது. கார அமில நிலை (pH) 4.7. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஹெக்டேருக்கு 8 கிலோ, பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருக்கிறது. பாறைப் பாஸ்பேட் வையுங்கள், ஏக்கருக்கு இரண்டு கிலோ பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரமும் போடுங்கள் என்றார்கள்.

என் சந்தேகம் இதுதான். வேலிக்கு அந்தப் பக்கமும் இதே மலை, இதே மழை, தோண்டினால் இதே செம்மண். அங்கே யாரும் ஒரு பிடி உரம் போட்டதில்லை. ஆனால் நாவலும் காட்டுச் செண்பகமும் ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்கின்றன. காட்டு மண்ணில் பாக்டீரியா அதிகம், அதுதான் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், "ஒரு மூட்டை சோலை மண்ணை அள்ளி வந்து ஜீவாமிர்தச் சாணக் கரைசலில் கலந்து ஊற்று, பாக்கெட்டுக்கு ஏன் காசு?" என்கிறார்.

சோலையில் நிஜமாகவே பாக்டீரியாதான் மணிச்சத்து கொடுக்கிறதா? அப்படியானால் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி:

தம்பி, முதலில் அந்த மூட்டையைக் கீழே வையுங்கள். காப்புக்காட்டில் மண் அள்ளுவது வனச் சட்டப்படி குற்றம். வேலிக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே அது உங்கள் மண் ஆகிவிடாது. ஜீவாமிர்தத்துக்கு ஒரு பிடி மண் போதும், அதுவும் உங்கள் வரப்பிலிருந்தே எடுக்கலாம்.

பாக்கெட் விஷயம்: நாங்கள் வேடசந்தூர்ப் பக்கம், சுண்ணாம்பு கலந்த மண். நிலக்கடலைக்குத் தொழு உரத்தில் கலந்து போடுவோம். ஒரு வருடம் பலன் கண்ணுக்குத் தெரியும், அடுத்த வருடம் போட்டதும் போடாததும் ஒன்றாகவே இருக்கும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

தட்டும் குடுவையும்:

நான் மண் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பாக்கெட்டில் வரும் பாஸ்போபாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து எண்ணுவதும் என் வேலையில் சேர்த்தி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 8 கிலோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் மண்ணில் இருக்கும் மணிச்சத்தே அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணமாக ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில் மொத்த மணிச்சத்து பல நூறு கிலோ இருக்கும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. பரிசோதனைக் கரைசல் அரை மணி நேரக் குலுக்கலில் பிரித்தெடுக்க முடிந்தது மட்டுமே அட்டையில் வரும். மீதி எங்கே? உங்கள் ஊர் மண் சிவப்பாக இருப்பதற்குக் காரணமான இரும்பு, கூடவே அலுமினியம், இரண்டின் ஆக்சைடுகளும் பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கின்றன. அமிலம் ஏற ஏற அந்தப் பிடி இறுகும். கிணற்றடி அண்ணன் ஊரில் அந்த வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. தழைச்சத்தை (நைட்ரஜனை) போல இதைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளவும் வழியில்லை. பாறை உடைந்து வந்ததுதான், அதற்கு மேல் வரவு மிகச் சொற்பம்.

சோலைக்கும் இதே பூட்டுதான். அங்கே ஓர் அடி தோண்டிச் செம்மண்ணை எடுத்துச் சோதித்தால் அதற்கும் 'குறைவு' என்றே வரும் என்று தைரியமாகச் சொல்வேன். வித்தியாசம் மேல் ஒரு சாண் மண்ணில் இருக்கிறது. வேலியோரம் உங்கள் பக்கமே மரத்தடியில் சருகு சேர்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, காய்ந்த சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். அதன் கீழே ஈரமாக, பாதி மக்கி, நரம்பு மட்டும் மிச்சமிருக்கும் இலைகள். ஒன்றைப் பிய்த்து எடுக்கப் போனால் தனியாக வராது, நாலைந்து இலை சேர்ந்து வரும். நூல் மாதிரி மெல்லிய வேர்களும் அதைவிட மெல்லிய வெள்ளை இழைகளும் அவற்றைத் தைத்து வைத்திருக்கும். வேர் கீழே போகாமல் மேலே சருகுக்குள் ஏறி வந்திருப்பதைக் கவனியுங்கள். இரும்பு கைவைப்பதற்கு முன்னால் மணிச்சத்தை எடுத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு.

மரம் இன்னொரு வேலையும் செய்கிறது. இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலிருக்கும் மணிச்சத்தில் ஏறக்குறைய பாதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மண் எவ்வளவு ஏழையோ அவ்வளவு அதிகம் இழுக்கும். மீதிதான் சருகோடு கீழே விழுகிறது.

அந்த மீதியில் பெரும்பகுதி வேருக்கு நேரடியாக உதவாது. நியூக்ளிக் அமிலம், பாஸ்போலிப்பிட், பைட்டேட் என்று கரிமப் பொருளோடு சேர்ந்து கிடக்கும். அதை வெட்டி பாஸ்பேட்டைத் தனியாகப் பிரிப்பது பாஸ்படேஸ் நொதி. பாக்டீரியா, பூஞ்சை, வேர், மூன்றும் அதைச் சுரக்கின்றன. ஆய்வகத்தில் இதைப் பார்ப்பது ரொம்ப சுலபம். ஒரு கிராம் மண்ணில் நிறமில்லாத ஒரு பாஸ்பேட் சேர்மத்தை ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, காரம் சேர்த்து வடிகட்டினால் மஞ்சளாக இறங்கும். நொதி எவ்வளவு வெட்டியதோ அவ்வளவு மஞ்சள். இலைமக்கு நிறைந்த காட்டு மேல்மண்ணில் பளிச்சென்று வரும். வருடக்கணக்கில் சூப்பர் பாஸ்பேட் கொட்டிய மண்ணில் பெரும்பாலும் வெளிறிப் போய்தான் வரும். சும்மா கிடைக்கும்போது எதற்குச் சுரக்க வேண்டும்?

ஆக, பாக்டீரியா 'கரைத்துக் கொடுக்கிறது' என்ற வீடியோக் கதை காட்டைப் பொறுத்தவரை பாதிதான் சரி. அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. 1948இல் பிகோவ்ஸ்கயா என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரு வளர்ப்பூடகத்தை வெளியிட்டார். டிரைகால்சியம் பாஸ்பேட் கலந்திருப்பதால் தட்டு பால் வெள்ளையாக இருக்கும். பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியா அதில் வளர்ந்தால் அதைச் சுற்றி வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஒரு வளையம் விழும். பார்க்க அழகு, புகைப்படத்துக்கு இன்னும் அழகு. இன்றுவரை எங்கெங்கோ மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, வளையம் விழுந்தால் உயிர் உரம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தட்டில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். உங்கள் மண்ணில் பூட்டிக் கிடப்பது இரும்பும் அலுமினியமும் பிடித்தது. முதலாவதில் வளையம் போடும் பாக்டீரியா இரண்டாவதில் ஒன்றுமே செய்யாமல் போகலாம். தவிர, அந்தத் தட்டில் லிட்டருக்குப் பத்து கிராம் குளுக்கோஸ் போடுகிறோம். அதைத் தின்றுதான் அது குளுக்கோனிக் அமிலம் கக்கி பாஸ்பேட்டைக் கரைக்கிறது. மண்ணில் அதற்கு அவ்வளவு சர்க்கரை யார் கொடுப்பது? வேரை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். கிணற்றடி அண்ணன் ஊரில் ஒரு வருடம் தெரிவதும் ஒரு வருடம் தெரியாததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

காட்டில் பாக்டீரியா செய்யும் பெரிய வேலை வேறு. அது மணிச்சத்தைத் தன் உடம்புக்குள் வைத்துக்கொள்கிறது. பாக்டீரியாவின் உடம்பில் ஆர்.என்.ஏ. மிக அதிகம், ஆர்.என்.ஏ.யில் மணிச்சத்து அதிகம். அதனால் சருகிலிருந்து பாஸ்பேட் விடுபட்டவுடன் முதலில் எடுப்பதும் அதுதான். அதை ஒற்றை உயிரணுப் பிராணிகளும் நூற்புழுக்களும் தின்னும்போது, அல்லது மண் காய்ந்து மறுபடி மழை விழுந்து செல் வெடிக்கும்போது, உள்ளே இருந்தது வெளியே வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் வேர் இருந்தால் வேருக்கு, இல்லையென்றால் அடுத்த பாக்டீரியாவுக்கு. கைமாற்றுப் பணம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், இரும்பின் கையில் போய் முடங்குவது குறைவு. சோலை பிழைப்பது இந்தச் சுற்றில்தான்.

இது நம் மலைக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 1976இல் வாக்கர், சையர்ஸ் என்ற இருவர் நியூசிலாந்து மண்களை வயது வாரியாக வைத்துப் பார்த்து, மண் கிழமாக ஆக, பாறையில் இருக்கும் மணிச்சத்து தீர்ந்து, கரிமப் பொருளில் இருப்பதும் இரும்பு அலுமினியத்துக்குள் புதைந்து போனதுமே மிச்சம் என்று காட்டினார்கள். ஜெர்மனியில் பீச் மரக் காடுகளில் செய்த ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பாட் ப்ரூக்கெனாவ் என்ற இடத்தில் பசால்ட் என்ற எரிமலைப் பாறை மண், மணிச்சத்து ஏராளம், அங்கே வேரும் நுண்ணுயிரும் கனிமத்திலிருந்து எடுக்கின்றன. வடக்கே லூஸ் என்ற இடத்தில் ஏழை மணல், அங்கே மரம் சருகு அடுக்கை நம்பி, போனதைத் திரும்ப எடுத்தே வாழ்கிறது. ஒரே மர இனம், இரண்டு பிழைப்பு. உங்கள் சோலை இரண்டாவது வகை என்பது என் கணிப்பு.

இப்போது மூட்டைக்கு வருவோம். மண்ணை அள்ளி வந்தால் பாக்டீரியா வரும். சருகு வராது, வேர் வராது, ஈர நிழல் வராது. கொத்திய வெயில் மண்ணில் அதில் பெரும்பகுதி செத்துப்போகும், அல்லது தூங்கும்.

மரக்கன்று:

மேடம் பாக்டீரியா பற்றியே எழுதிவிட்டார், வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தை ஓரமாக வெள்ளை இழை என்று சொல்லி நிறுத்திவிட்டாரே! நாற்றங்காலில் சோலை மரக் கன்று வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தாய் மரத்தடி மண் ஒரு பிடி கலக்காத பையில் சில இனங்கள் முளைத்து அப்படியே நிற்கும், ஏறவே ஏறாது. பூஞ்சைதான் முக்கியம், பாக்டீரியா இரண்டாம் பட்சம்.

சோலையோரம்:

மேடம், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மூட்டை யோசனையைக் கைவிட்டாயிற்று. இன்னும் ஒன்று கேட்கலாமா? பாக்டீரியா உடம்பில் வைத்துக்கொள்கிறது என்றால், பாக்டீரியா கூடினால் செடிக்குக் கிடைப்பது குறையுமா கூடுமா? இரண்டு கிலோ பாக்கெட்டைப் போடுவதா வேண்டாமா? அப்புறம், தேயிலைக்குள் நிழலுக்கு சில்வர் ஓக் நிற்கிறது. அது மணிச்சத்தைத் தின்றுவிடும், வெட்டிவிடு என்கிறார் அதே அண்ணன்.

தட்டும் குடுவையும்:

மரக்கன்று சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், பாதி. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் உள்ள மணிச்சத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடும், பாஸ்பேட் மண்ணில் நகராது. பூஞ்சை இழை சென்டிமீட்டர் கணக்கில் தாண்டிப் போய் எடுத்து வரும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேயிலையிலும் பெரும்பாலான சோலை மரங்களிலும் இருக்கும் உட்பூசண வகைக்குக் கரிம மணிச்சத்தைத் தானே வெட்டும் திறன் குறைவு. அது இழை வழியாகக் கொஞ்சம் சர்க்கரை கசியவிட்டு, இழை மேலேயே பாக்டீரியாவை வளர்த்து, வெட்டும் வேலையை அதனிடம் வாங்குகிறது. பைட்டேட்டை வைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. யார் முதல், யார் இரண்டாம் பட்சம் என்று பிரிப்பது கஷ்டம்.

சோலையோரம், உங்கள் முதல் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு ஒரு காடே பதில் சொல்லியிருக்கிறது. சிட்னிக்கு மேற்கே ரிச்மண்ட் அருகில் ஒரு பழைய தைலமரக் காடு, நம் சமவெளியில் நட்டிருக்கிறோமே, அதே டெரிட்டிகார்னிஸ் இனம். மணிச்சத்து மிகக் குறைந்த மண். 2012 முதல் அங்கே சில வட்டங்களைச் சுற்றிக் குழாய் நிறுத்தி, காற்றில் கரியமில வாயுவை 150 பி.பி.எம். கூட்டி விட்டுப் பார்த்தார்கள். இலை அதிகமாகச் சர்க்கரை செய்தது, மரம் மட்டும் பருக்கவில்லை. மரம் அந்தக் கூடுதல் சர்க்கரையை மண்ணுக்குள் அனுப்பியதும், நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சாக வெளியே விட்டதும் 2020இல் வந்த கணக்கில் தெரிந்தது. 2024இல் மணிச்சத்துக்கும் வரவு செலவு போட்டார்கள். மரம் அவ்வளவு சர்க்கரை கொடுத்தும் நுண்ணுயிர்கள் தாங்கள் பிடித்த மணிச்சத்தை விடவில்லை. அதே காட்டில் மணிச்சத்து உரம் வைத்த மரங்கள் வளர்ந்தன. ஆக, பாக்டீரியா மரத்துக்கு வேலைக்காரன் இல்லை. அது தன் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறது, சிந்துவதில் மரம் வாழ்கிறது. ஏழை மண்ணில் பாக்டீரியா கூடினால் கொஞ்ச காலத்துக்காவது செடிக்குப் போட்டிதான்.

பாக்கெட்டுக்குக் கணக்கே போட்டுவிடலாம். அரசு தர நிர்ணயப்படி தூள் வடிவப் பாஸ்போபாக்டீரியாவில் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஐந்து கோடி உயிரணு இருக்க வேண்டும். இரண்டு கிலோவில் பத்தாயிரம் கோடி, பெரிய எண்தான். ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய எட்டு லட்சம் கிலோ. பரப்பிப் போட்டால் ஒரு கிராம் மண்ணுக்கு நூற்றுச் சொச்சம் உயிரணு வரும். அந்த ஒரு கிராமில் ஏற்கெனவே நூறு கோடி அளவில் குடியிருக்கின்றன. அதனால்தான் பரப்பிப் போடாமல் தொழு உரத்தில் கலந்து ஈரமாக வைத்திருந்து வேர் பக்கத்தில் வைக்கச் சொல்கிறோம். போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலை பெரிதல்ல. காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்காதீர்கள், ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள். இரண்டு வரிசைக்கு மட்டும் போடாமல் விட்டுவைத்தால், அடுத்த முறை என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

பாறைப் பாஸ்பேட் உங்கள் மண்ணுக்குச் சரியான யோசனை. 4.7 அமிலத்தில் அது தானே மெதுவாகக் கரையும், பாக்டீரியா தயவு தேவையில்லை. மேலே தூவாமல் வேர் மட்டத்தில் இறக்கி வையுங்கள். அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஆயிரம் கிலோ தேயிலைத் தூளோடு தோட்டத்தை விட்டு வெளியே போவது நாலு கிலோ மணிச்சத்து போலத்தான். கொழுந்தைவிட, கவாத்து வெட்டிய கிளையையும் இலையையும் விறகுக்கும் நெருப்புக்கும் கொடுப்பதில்தான் உங்கள் சுற்று உடைகிறது. இலையோடு அப்படியே வரிசைக்குள் பரப்பி விடுங்கள். சருகு அடுக்கு தேயிலைக்குக் கீழேயும் உருவாகும், வேர் மேலே ஏறி வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சில்வர் ஓக்கை வெட்டாதீர்கள்! அது கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம், மணிச்சத்தில்லாத மண்ணில் வாழ்ந்து பழகிய குடும்பம். அந்தக் குடும்பம் பெரும்பாலும் பூஞ்சையை நம்புவதில்லை. மரத்தடியில் சருகை விலக்கி மெல்லிய வேர்களைத் தேடுங்கள். சில இடத்தில் குட்டை வேர்கள் நெருக்கமாக, புட்டி கழுவும் பிரஷ் போலக் கூட்டமாக இருக்கும். அந்தக் கொத்து வேர் சிட்ரிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து, இரும்பும் அலுமினியமும் பிடித்திருக்கும் பாஸ்பேட்டைப் பிடுங்கும். பாக்கெட் பாக்டீரியாவிடம் நாம் எதிர்பார்க்கும் வேலையை இது சத்தமில்லாமல் செய்கிறது. எடுத்ததில் ஒரு பங்கு அதன் சருகாக உங்கள் தேயிலைக்கு வரும்.

மறந்தே போனேன், அட்டையில் மணிச்சத்தை எந்த முறையில் சோதித்தார்கள் என்று இருக்கும், பாருங்கள். ஓல்சனா, பிரேயா?

சோலையோரம்:

ஓல்சன் என்று போட்டிருக்கிறது மேடம். அண்ணனுக்கு சில்வர் ஓக் வேரைத் தோண்டிக் காட்டினேன், கொத்து இருந்தது. 'இதுவா?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தட்டும் குடுவையும்:

ஓல்சன் சோடியம் பைகார்பனேட் கரைசல், நடுநிலை மண்ணுக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் ஏற்றது. 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 22க்கு மேலே அதிகம் என்ற எல்லையும் அதற்கு வகுத்ததுதான். 4.7 மண்ணுக்கு வழக்கமாகப் பிரே முறையில் பார்ப்போம். அடுத்த முறை மாதிரி கொடுக்கும்போது பிரே முறையில் பாருங்கள் என்று எழுதிக் கொடுங்கள். மண்ணை நிழலில் மட்டும் உலர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உலர்த்துங்கள். உலரும்போது பாக்டீரியா செத்து உள்ளே இருந்ததைக் கொட்டும், அதுவும் அட்டையில் ஏறிவிடும்.

கிணற்றடி:

மேடம், எங்கள் சுண்ணாம்பு மண்ணுக்கு அப்போது ஓல்சன்தானே? அந்தக் கொத்து வேர் மரம் எங்கள் வெயிலுக்குத் தாங்குமா?

தட்டும் குடுவையும்:

ஓல்சன்தான் அண்ணா, அது உங்களுக்குச் சரி. சில்வர் ஓக் உங்கள் பக்கம் வேண்டாம், சுண்ணாம்பு மண்ணைவிட அமிலச் சார்பான மண்ணில்தான் நன்றாக வரும். நிலக்கடலையோடு துவரையை ஊடுபயிராகப் போட்டுப் பாருங்கள், ஆனால் துவரை வேர் கெட்டிக்காரி என்பது இரும்பு பிடித்த மணிச்சத்தை எடுப்பதில்தான், சுண்ணாம்பு பிடித்ததில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். அதற்குத் தனிப் பதிவு ஆரம்பியுங்கள், விவரமாக எழுதுகிறேன்.